மடி உலர்வதற்கு முன்

அம்பத்தூர் ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டணக் கழிப்பறையில்தான் எனக்கு முதலில் தெரிந்தது. நின்றுகொண்டே இருந்தேன். வர வேண்டியது வரவில்லை. வந்ததும் நூல் இழை போல வந்து, பாதியில் நின்றது. பின்னால் காத்திருந்த ஒருவர் பொறுமை இழந்து, “இன்னா பெருசு, உள்ளயே ஊடு கட்டிக்கினு குந்திட்டியா?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே வெளியே வந்தேன். ஆவடி போகும் வண்டியில் ஏறி உட்காருவதற்குள் மறுபடியும் முட்டிக்கொண்டு வந்தது.

அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு இது சகஜம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் வயதுக்காரர்கள் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவைத்துக்கொள்கிறவர்கள்தான். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

இதை எழுதுவது அந்த வரிசையில் இப்போது நின்றுகொண்டிருக்கும் ஆண்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும். புரோஸ்டேட் சுரப்பியை (சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் ஆண்களுக்கு மட்டும் இருப்பது) முழுவதுமாக எடுத்த பிறகு வாழ்ந்துகொண்டிருப்பவன் நான். பிழைத்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடு யாரும் படிக்க வேண்டாம். தேறிவந்த வெற்றிக்கதை என்று நினைத்தும் படிக்க வேண்டாம். என் ஒரே மகளின் கல்யாணத்தில் நான் எதை இழந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். எண்ணெய்க் குழாய்களையும் வால்வுகளையும் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, கசிகிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. கசியவில்லை என்றால் சீட்டு ஒட்டுவேன். கசிந்தால் திருப்பி அனுப்புவேன். குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுள் போனது. ஓய்வு பெற்றதும் கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். மனைவி கோமதி. மகள் நித்யா பெங்களூரில் கணினி நிறுவனத்தில் வேலை.

நித்யா தன்னோடு வேலை பார்க்கும் கார்த்திக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது நான் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன் தங்கமானவன் என்று பார்த்த பிறகுதான் இறங்கிவந்தேன். நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அதற்குப் பிறகுதான், கோமதியின் நச்சரிப்பு தாங்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன்.

பி.எஸ்.ஏ. (அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) அதிகமாக இருந்தது. பிறகு ஸ்கேன். பிறகு பயாப்ஸி (ஊசி விட்டுச் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). அது முடிந்த அன்று உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. முடிவு வந்த நாளில் டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே தனக்குப் புரிந்துவிட்டது என்று கோமதி பின்னால் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

“கேன்சர்தான் சார். ஆனா சுரப்பியைத் தாண்டி வெளிய போகல. இப்பவே எடுத்துட்டா நல்லது.”

“பொண்ணு கல்யாணம் இருக்கு டாக்டர். அதுக்கப்புறம் பண்ணிக்கலாமா?” என்றாள் கோமதி.

“தள்ளிப்போடறது உங்க இஷ்டம். நான்னா இப்பவே பண்ணிப்பேன். தைக்குள்ள நல்லா நடமாடுவார். கல்யாண வேலையெல்லாம் அவரே பாப்பார்.”

அதற்கு மேலும் அவர் சொன்னார். சிறுநீர்க் கசிவு இருக்கும், சிலருக்குச் சீக்கிரம் நிற்கும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும் என்றார். நரம்புகளை முடிந்த அளவு காப்பாற்றப் பார்ப்பேன், ஆனால் கட்டி ஒரு பக்கம் நரம்பை ஒட்டி இருக்கிறது, தாம்பத்திய உறவு பழையபடி இருக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கோமதி சுவரில் மாட்டியிருந்த உடற்கூறுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது “தைக்குள்ள நல்லா நடமாடுவார்” என்பது மட்டும்தான். நீங்கள் டாக்டரிடம் போகும்போது உங்களைவிட நிதானமாகக் கேட்கக்கூடிய ஒருவரைக் கூட்டிப்போங்கள். கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

நித்யாவிடம் கேன்சர் என்று சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கும் வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்க எங்கள் இருவருக்கும் நா எழவில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். “சுரப்பி வீங்கியிருக்காம், எடுத்துடப் போறாங்க” என்று சொன்னோம். அவள் லீவு போட்டுக்கொண்டு வந்து, மருத்துவமனை வராந்தாவில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுத்தவர் ஊர் எது என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றின்மேல் பிளாஸ்திரி. ஆண்குறி வழியாகச் சிறுநீர்ப்பை வரை ஒரு குழாய். குழாயின் முடிவில் ஒரு பை. அவ்வப்போது சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி இழுக்கும். பிரசவ வலி எப்படி இருக்கும் என்று கோமதியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். “இப்ப எதுக்கு அது” என்று நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் நடக்கச் சொன்னார்கள். வராந்தாவில் எனக்கு எதிரே ஒருவர் பிளாஸ்டிக் வயர் கூடையைக் கையில் பிடித்தபடி நடந்துவந்தார். கூடைக்குள் அவருடைய சிறுநீர்ப் பை. பூந்தமல்லியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஏழுமலை. எனக்கு ஒரு நாள் முன்னால் அதே அறுவை சிகிச்சை அவருக்கும் நடந்திருந்தது.

“இன்னா சார், பைய அப்டியே தொங்கவுட்டுகினு நடக்கறே? கூடையில வெச்சிக்கோ. பாக்கறவனுக்குப் பால் வாங்கப் போறா மாரி இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிற்றில் தையல் இழுத்தது. சிரிக்காதே சார் என்று அவரே பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மருத்துவமனையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெட்டியெடுத்த சுரப்பியைச் சோதித்ததில் ஓரங்கள் சுத்தமாக இருப்பதாக (வெட்டிய விளிம்பில் நோய் இல்லை என்று பொருள்) சொன்னார்கள். கோமதி அன்று கோயிலுக்குப் போனாள். நான் குழாயை எடுக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். குழாய் போனால் எல்லாம் போய்விடும், பழைய மனிதன் ஆகிவிடுவேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

குழாயை நர்ஸ் ஒரே இழுப்பில் எடுத்தார். வலி அதிகமில்லை. “எழுந்து நில்லுங்க சார்” என்றார். எழுந்தேன். சிறுநீர் என் காலில் வழிந்து தரையில் பரவியது. நான் போகவில்லை, அதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன். எங்கே பிடித்து நிறுத்துவது என்றே தெரியவில்லை. நர்ஸ் பழக்கப்பட்டவர் போல ஒரு துணியை எடுத்துப் போட்டு, “எல்லாருக்கும் இப்படித்தான் சார்” என்றார். கதவுக்கு வெளியே நித்யா, “அப்பா, முடிஞ்சுதா? உள்ள வரலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வராதே என்று கத்தினேன். என் மகளிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரைப் பிடித்துவைக்க இரண்டு வால்வுகள் இருக்கின்றன. மேலே இருந்தது சுரப்பியோடு போய்விட்டது. கீழே இருப்பது இனி இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும். அதைப் பழக்க வேண்டும். சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ அதை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். மறுபடி இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். நாள் முழுக்க இதைச் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்றார்.

வேலை பார்த்த காலமெல்லாம் கசிவைப் பிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். என்னை இப்போது எங்கே திருப்பி அனுப்புவது?

இறுக்கினேன், எண்ணினேன். காய் வாங்கும்போது, ஷேர் ஆட்டோவில் போகும்போது, கல்யாணச் சமையல்காரரிடம் பேசும்போது எல்லாம் உள்ளுக்குள் ஒன்று இரண்டு மூன்று ஓடியது. இருமினால் போனது. குனிந்தால் போனது. நாற்காலியிலிருந்து எழும்போது நிச்சயமாகப் போனது. பெரியவர்களுக்கான டயப்பரை மருந்துக் கடையில் கேட்கும்போது, “எங்க அப்பாவுக்கு” என்று சொன்னேன். அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு இது நடந்த பிறகு நான் தேடித்தேடிப் பார்த்தது இதைத்தான், கிடைக்கவில்லை. நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. ஆண் என்ற முறையில் அந்த உடம்பு எனக்குத் தெரிந்த உடம்பாக இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், முகம் சிவந்ததுதான் மிச்சம். அறுபது வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. போனதற்காக அழுதேன்.

நான் ஹாலில் இருந்த திவானுக்கு மாறிக்கொண்டேன். படுக்கையை நனைத்துவிடுவேன் என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஒருநாள் மதியம் ரப்பர் விரிப்பைக் காயப்போட்டுவிட்டு வந்த கோமதி, என் எதிரே நின்றுகொண்டு கேட்டாள்.

“நான் உங்களை என்ன கேட்டேன்?”

“ஒண்ணும் கேக்கல.”

“பக்கத்துல படுங்கன்னுதான கேட்டேன். வேற ஏதாவது கேட்டேனா?”

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். உங்கள் மனைவி இப்படிக் கேட்டால் எழுந்து போய்ப் படுத்துவிடுங்கள். நான் பல மாதம் கழித்துத்தான் போனேன். அந்த மாதங்கள் எங்கள் இருவருக்கும் இல்லாமல் போய்விட்டன.

மார்கழி வந்தது. கசிவு குறைந்திருந்தது, நிற்கவில்லை. அப்போதுதான் மடி என்ற விஷயம் என் முன்னால் வந்து நின்றது.

எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் இது கிடையாது. எங்கள் வீட்டு வழக்கத்தில் மணப்பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தாலி கட்டுவார்கள். அப்பா நெல் பரப்பிய இடத்தில் மணை போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருப்பார். பெண் கூறைப்புடவையோடு வந்து மடியில் உட்காருவாள். மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். தாலி ஏறியதும் பெண் எழுந்து போய்விடுவாள். ஒரு அப்பாவின் வாழ்க்கையில் அந்த ஒரு நேரம்தான் அது. நித்யா பிறந்த அன்று, பெண் குழந்தை என்று சொன்னவுடன் எனக்கு முதலில் தோன்றியதே அதுதான். மடியில் உட்காரவைத்துத் தாரைவார்க்க ஒருத்தி வந்துவிட்டாள் என்று.

வயிற்றின்மேல் எடை விழுந்தால் கசியும். எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால், அவளுடைய கூறைப்புடவையில். என் தம்பி மடியில் உட்காரட்டும் என்று முடிவு செய்து, போனில் நித்யாவிடம் சொன்னேன். முட்டி வலி என்று காரணம் சொன்னேன்.

“முட்டி வலியோடதான் போன வாரம் மண்டபத்து மாடியெல்லாம் ஏறி எறங்குனீங்களா?” என்றாள்.

“அதனாலதான் அதிகமாயிடுச்சு.”

“உங்களுக்கு இன்னும் கார்த்திக்கைப் பிடிக்கலையாப்பா? பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. சித்தப்பா மடியில உக்கார வைக்காதீங்க.”

அவள் அழுவது கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “என் மடியிலதாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சொல்லியாயிற்று. இனி சோதனை போட்டுப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு வேறு வழி தெரியாது, பார்த்த வேலை அப்படி. எவ்வளவு சுமை, எவ்வளவு நேரம், கசிகிறதா இல்லையா. கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு, கோமதியின் உதவியோடு ஓர் அரிசிச் சிப்பத்தை (இருபத்தைந்து கிலோ மூட்டை) தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். டயப்பர் இல்லாமல், வெறும் வேட்டியோடு. எவ்வளவு தாங்குகிறேன் என்று பார்க்க வேண்டுமே. கோமதி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இறுக்குங்க. விடாதீங்க. அவ இன்னும் எழுந்துக்கல” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வேட்டி நனைந்தது. சிப்பத்தின் அடியிலும் ஈரம். அந்த நேரம் பார்த்து வாசல் பூட்டு திறக்கும் சத்தம். பெங்களூரிலிருந்து மறுநாள் வருவதாக இருந்த நித்யா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். பெட்டியோடு ஹாலில் நின்று எங்களைப் பார்த்தாள். நான் சிப்பத்தை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னப்பா பண்றீங்க?”

“அரிசியில வண்டு இருக்கானு பாக்கறோம்” என்றாள் கோமதி.

“சரி” என்று சொல்லிவிட்டு நித்யா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்லவேளை, பயணக் களைப்பில் கவனிக்கவில்லை என்று இருவரும் பெருமூச்சு விட்டோம்.

சோதனை தோற்றதும் நான் தண்ணீரைக் குறைத்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும். இந்தத் தவற்றை நாம் எல்லோரும் செய்கிறோம். நீங்கள் செய்யாதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை உறுத்தி, அவசரத்தை இன்னும் கூட்டும். டாக்டர் இதைப் பிறகு சொல்லித் திட்டினார். கல்யாணத்தன்று தாரைவார்க்கிற அப்பா முகூர்த்தம் முடியும் வரை விரதம் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு வசதியாகப் போயிற்று. முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

காலையில் புரோகிதர் பஞ்சகச்சம் கட்டச் சொன்னார். வேட்டியைக் காலிடுக்கில் வாங்கிப் பின்னால் செருகும் கட்டு அது. உள்ளே டயப்பர். கட்டிவிட்டால் நினைத்த நேரத்தில் அவிழ்க்க முடியாது. டயப்பர் புடைத்துக்கொண்டு தெரியாமலிருக்க, கோமதி ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிவிட்டாள். “யாருக்கும் தெரியாது. போய் உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். புகை, நாகஸ்வரம், ஆட்கள். நித்யா வந்தாள். அரக்குக் கூறைப்புடவையில் குனிந்து என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, திரும்பி, என் மடியில் உட்கார்ந்தாள். நான் இறுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விட முடியாது. மறுபடி ஒன்றிலிருந்து. கண்ணை மூடிக்கொண்டால்தான் அந்தத் தசையைப் பிடிக்க முடிந்தது. மூடிக்கொண்டேன். புரோகிதர் மந்திரம் சொன்னார், யாரோ கெட்டிமேளம் என்றார்கள், மேளம் என் காதுக்குள் இடித்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முகத்தில் அட்சதை வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தபோது நித்யா எழுந்து நின்றிருந்தாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது.

என் மகளுக்குத் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. அவளுக்கு மிக அருகில் இருந்தவன் நான்தான்.

கசிந்திருந்தது. டயப்பர் தாங்கிவிட்டது. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவிலிருந்து கோமதி என்னைப் பார்த்தாள், ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். அவள் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று பக்கத்திலிருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள். “கண்ணை மூடி எப்படி மனசு உருகி வேண்டிக்கிட்டார் பாருங்க” என்று சம்பந்தியம்மாள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கு அந்த நேரத்திலிருந்து மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். அவள் எடை. வளர்ந்த பெண், உடம்பு வாகு கோமதியைப் போல. அவள் உட்கார்ந்தால் அரிசிச் சிப்பத்தைவிடக் கனமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். ஆனால் மடியில் இருப்பதே தெரியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக மறுத்து என் மடியில் ஏறி உட்காருவாளே, அந்த எடைதான். அதையே நினைத்து நினைத்துப் பல மாதம் ஓட்டினேன். தாலியைப் பார்க்கவில்லை, போகட்டும், அந்த எடையாவது எனக்கு இருக்கிறது என்று.

உடம்பு அதன் போக்கில் தேறியது. பங்குனியில் டயப்பர் போய்ச் சின்ன பேட் வந்தது. ஆடியில் பேட் நனையாத நாட்கள் வந்தன. ஏழுமலை போன் செய்வார். “சார், நேத்து கடையில மொளகா மூட்டைய அவுத்தேன், தும்மல் தும்மலா வந்துச்சு. ஒரு சொட்டு போவல சார்” என்பார். தேர்வில் பாஸ் ஆனவரை வாழ்த்துவது போல நானும் வாழ்த்துவேன். பி.எஸ்.ஏ. ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது. நான் மறுபடியும் கோமதி பக்கத்தில் படுக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போகிறோம்.

தலைதீபாவளிக்கு நித்யாவும் கார்த்திக்கும் வந்தார்கள். அதற்குள் நித்யாவுக்கு நோயின் பெயர் தெரியும். கல்யாணம் முடிந்த பிறகு கோமதியே சொல்லிவிட்டாள். எண்ணெய்க் குளியல், பலகாரம் எல்லாம் முடிந்து, மதியம் ஹாலில் உட்கார்ந்து டி.வி.யில் கல்யாண வீடியோ போட்டார்கள். நான் அதை அதுவரை பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

முகூர்த்தம் வந்தது. பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். திரையில் நான் கண்ணை இறுக மூடியிருக்கிறேன். உதடு முணுமுணுக்கிறது. கார்த்திக் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“இவளைப் பாருங்க மாமா. உங்க மடியில உக்காரவே இல்லை. ஜிம்ல பயிற்சி பண்ற மாதிரி காலை ஊணிக்கிட்டு அந்தரத்துல நிக்கறா. அன்னிக்கு சாயங்காலம் ரிசப்ஷன்ல தொடை ரெண்டும் பிடிச்சுக்கிச்சு, நிக்க முடியாம என் தோளைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. எல்லாரும் என்ன பாசம்னு கேலி பண்ணாங்க.”

“சும்மா இருங்க” என்றாள் நித்யா.

நான் திரையைப் பார்த்தேன். கூறைப்புடவைக்குக் கீழே அவளுடைய இரண்டு பாதங்களும் மணைக்கு முன்னால் அழுந்தப் பதிந்திருந்தன. முதுகு நேராக இருந்தது. புடவை என் மடியின்மேல் விரிந்து கிடந்தது, அவ்வளவுதான். முழங்கால் பக்கம் பட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

“அரிசி மூட்டையைப் பாத்தியாம்மா அன்னிக்கு?”

அவள் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், “பாத்தேன்பா. வேட்டியையும் பாத்தேன்” என்றாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க சித்தப்பாவை உக்கார வச்சிருப்பீங்க.” குழாயை மூடினாள். “உங்களுக்கு எல்லார் முன்னாடியும் ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான்பா. எனக்கு வருத்தம் இல்லை. நீங்க கண்ணை மூடி எனக்காக வேண்டிக்கிட்டே இருந்தீங்க. திரும்பிப் பாத்தேன். எனக்கு அது போதும்.”

“ஆமாம்மா” என்றேன். அந்த நேரத்திலிருந்து அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை நான் எப்படிப் பறித்துக்கொள்வேன்?

நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உடம்பு தேறும். ஆனால் அது பஞ்சாங்கம் பார்த்துத் தேறாது. உங்கள் வீட்டு முகூர்த்தம் எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே வீட்டில் இருப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் அவள் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. நனைந்தால் நனைந்திருக்கும். நான் கண்ணைத் திறந்து பார்த்திருப்பேன்.

மடி இப்போது உலர்ந்துவிட்டது. மாலையில் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரும்போது கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது. யாரும் உட்கார இல்லை.

தீபாவளி முடிந்து அவர்கள் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். கார்த்திக் பெட்டிகளோடு லிப்டில் இறங்கிவிட்டான். நித்யா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை முழு எடையோடு, காலை ஊன்றாமல், சாய்ந்துகொண்டாள். எனக்குத் தெரியாமலேயே நான் இறுக்கி எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

ஐந்து வருவதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள்.